விடுமுறை நாளில் பெய்த மழை

டிசம்பர் மாதக் காலைகளில் என் கணவர் போர்வைக்குள்ளிருந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டி ஒரு கேள்வி கேட்பார். "பூமி சூடாவுது, சூடாவுதுன்னு சொல்லிகினு கீறியே, இன்னாமே இது, பல்லு கிட்டிக்கிது?" வருஷம் தவறாமல் கேட்பார். ஏப்ரலில் வெயில் மண்டையைப் பிளக்கும்போது மட்டும் இந்த ஆராய்ச்சி அவருக்கு நினைவில் இருக்காது. அப்போது கேள்வி வேறு: "இன்னிக்கு மழ வருமா?" வானத்துக்கு நான்தான் பட்டா வாங்கி வைத்திருப்பதுபோல் இருக்கும் அவர் கேட்பது.

எல்லாம் என் வேலையால் வந்த வினை. ஒரகடத்தில் வண்டி உதிரி பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஹெல்மெட் போடாதவர்களைத் திட்டுவதும், தீயணைப்புக் கருவிக்கு முன்னால் அட்டைப்பெட்டி அடுக்குகிறவர்களைத் திட்டுவதும்தான் முக்கால்வாசி வேலை. மீதி, ஜூன் மாதம் மரக்கன்று நடும் நாளில் ஒரு சொற்பொழிவு. வானிலை வேறு, காலநிலை வேறு என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்வேன்.

"ஒரு நாள் நீங்கள் லேட்டாக வந்தால் அது வானிலை. பஸ் பஞ்சர் ஆகியிருக்கும், யாருக்கும் நடக்கும். ஆனால் உங்கள் பத்து வருஷத்து வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, திங்கட்கிழமைதோறும் லேட் என்று தெரிந்தால் அது உங்கள் காலநிலை. சூப்பர்வைசர் உங்களை ஒரு நாளை வைத்தா எடை போடுகிறார்? ஊரையும் அப்படித்தான். வானிலைத் துறைக்காரர்கள் முப்பது வருஷக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஓர் ஊரின் காலநிலை இன்னதென்று சொல்கிறார்கள்." இதற்குச் சிரிப்பார்கள், கை தட்டுவார்கள். பிறகு லைனில் வேலை பார்க்கிற யாராவது ஒருவர் மெதுவாக அருகில் வந்து, "மேடம், வர்ற ஞாயித்துக்கிழம மழ இருக்குமா? தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம்," என்பார். தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். சம்பளம் வாங்குகிற இடமாயிற்றே என்று சிரித்து வைப்பேன்.

இவர்கள் யாருக்கும் புரியாதது எனக்குப் புரிந்திருக்கிறது என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அதற்கு ஆதாரமாக ஒரு பதிவேடும் இருந்தது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டு ஊரே மிதந்த வருஷத்துக்குப் பிறகு, எங்கள் நிர்வாகத்துக்குத் திடீரென்று மழையின் மேல் பயம் வந்தது. கேன்டீனுக்குப் பின்னால், குரோட்டன்ஸ் தொட்டிகள் வரிசையாக இருக்கிற இடத்தில் ஒரு மழைமானி நட்டார்கள். மேலே புனல், உள்ளே சேகரிக்கும் பாத்திரம், கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குடுவை. தினமும் காலை எட்டரை மணிக்கு, முந்தைய இருபத்துநான்கு மணி நேரத்தில் பெய்ததைக் குடுவையில் ஊற்றிப் பார்த்து எழுத வேண்டும். அதை நான் பத்து வருஷமாக எழுதிவந்தேன். மையைக்கூட மாற்றியதில்லை. ஆடிட்டர்கள் வந்தால் மேலாளர் முதலில் எடுத்துக் காட்டுவது அந்தப் பதிவேட்டைத்தான்.

எங்கள் வீடு அதே தொழிற்சாலையின் பின்பக்கச் சுவருக்கு அப்பால், வடக்குப்பட்டுப் பக்கம் போகிற ஒரு தெருவில் இருக்கிறது. மேட்டிலிருந்து வருகிற மழைத் தண்ணீர் எங்கள் தெரு வழியாக வந்து, கம்பெனியின் காலி நிலத்தைக் கடந்து, அந்தப் பக்கத்து ஏரிக்குப் போக வேண்டும். வேறு வழி கிடையாது. சுவர் கட்டியபோது அடியில் நாலு ஓட்டை விட்டார்கள். புயல் வந்த ஒரு டிசம்பரில் அந்த ஓட்டைகள் போதாமல் தண்ணீர் தெருவிலேயே நின்று, எங்கள் வீட்டுக்குள் முழங்கால் உயரத்துக்கு ஏறியது. மூன்று நாள் கட்டிலின் மேல் வாழ்ந்தோம். கேஸ் அடுப்பைக்கூட கட்டிலில் வைத்துத்தான் கஞ்சி காய்ச்சினேன்.

இந்த வருஷம் அந்தக் காலி நிலத்தை மேடாக்கிப் புது ஷெட் போட முடிவானது. ஷெட்டுக்கு அடியில் எங்கள் தெருத் தண்ணீர் போவதற்கு ஒரு வழி விட வேண்டும். ஒரு குழாய் போதுமா, தண்ணீர் தாராளமாகப் போக அகலமான கான்கிரீட் பெட்டி மதகு கட்ட வேண்டுமா என்று கணக்குப் போட்டுச் சொல்லச் சென்னையிலிருந்து ஒரு வடிகால் ஆலோசகரை வரவழைத்தார்கள். முப்பது வயது இருக்கும், மரியாதையான மனிதர். அவர் போடுகிற கோட்டில்தான் எங்கள் தெருவின் நாற்பது வீடுகளும் இருந்தன. அவர் என் பதிவேட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனபோது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. நல்லவேளை, எழுதி வைத்தோமே என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்துக் கூட்டம். மேலாளர், ஆலோசகர், நான். "இவ்ளோ க்ளீனான டேட்டா நான் எந்தக் கம்பெனியிலயும் பாத்ததில்ல மேடம். ஒரு கட்டம்கூட காலி இல்ல," என்றார் ஆலோசகர். பரிசு வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நான் நெளிந்தேன். அடுத்து அவர் சொன்னார்: "சென்னை மழைக் கணக்க வச்சுப் பாத்தா பெரிய மதகு வேணும்னு வருது. ஆனா உங்க சைட்ல அந்த மாதிரி பெரிய மழை பெஞ்சதே இல்ல. பத்து வருஷ ரெக்கார்டு சொல்லுது. இந்த இடத்தோட க்ளைமேட் கொஞ்சம் வறண்ட மாதிரிதான். ஒரு குழாய் போதும்."

மேலாளர் முகம் மலர்ந்துவிட்டது. கட்டிலின் மேல் கஞ்சி காய்ச்சியவளிடம், பெரிய மழை பெய்ததே இல்லை என்கிறாரே. "அந்தப் புயல் வந்த டிசம்பரைக் காட்டுங்க," என்றேன். அவர் திரையில் நகர்த்திக் காட்டினார். கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. மூன்று நாளும் பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம்.

யார் எழுதியது என்று கேட்க வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். எழுத வைத்தது நான்தான்.

அது எப்படி நடந்தது என்று சொன்னால், வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். இந்தச் சாலையோரத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள் மட்டும் நம்புவார்கள். எங்கள் உலகத்தில் பதிவேட்டில் காலிக் கட்டம் இருப்பது பெரிய பாவம். பொய் இருந்தாலும் மன்னிப்பு உண்டு, காலி இருந்தால் கிடையாது. ஆடிட்டர் விரல் வைத்து, "இது ஏன் பிளாங்க்?" என்பார். அதற்கு ஒரு படிவம், அதில் மூல காரணம், திருத்த நடவடிக்கை, மேலாளர் கையெழுத்து. இன்னொரு விதி, பயிற்சி பெற்றவர்தான் மழைமானியைத் தொடலாம். பயிற்சி பெற்ற ஒரே ஆள் நான். கண்ணாடிக் குடுவை என் அலமாரிக்குள், சாவி என் கைப்பைக்குள். ஞாயிற்றுக்கிழமையோ ஆயுத பூஜையோ தீபாவளியோ வந்தால் நான் வீட்டில் இருப்பேன். கனமழை என்று கம்பெனியே விடுமுறை விட்டாலும் வீட்டில்தான் இருப்பேன். ஆனால் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. வாசலில் இருக்கிற காவலாளி அண்ணனுக்குப் போன் போட்டு, பூஜ்ஜியம் எழுதச் சொல்லிவிடுவேன். மறுநாள் போய்க் கையெழுத்துப் போடுவேன்.

அவர் ராமநாதபுரத்துப் பக்கத்துக்காரர். மழையை மதிக்கத் தெரிந்தவர். அந்த டிசம்பரில் போனில் அவர் கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது. "இங்க ஊத்து ஊத்துன்னு ஊத்திக்கிட்டு கெடக்கு தாயி, ஜீரோன்னு எழுதச் சொல்லுறியளே?" நான் கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து, கீழே மிதந்துபோகிற செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "எழுதுங்கண்ணே, காலியா மட்டும் விடாதீங்க."

விடுமுறையில் பெய்த மழை மானிக்குள் தேங்கித்தானே இருக்கும், அதையாவது அளந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். முதல் வருஷம் அளந்தேன். மூன்று நாள் தண்ணீரை ஒரே நாள் கட்டத்தில் எழுதினேன். "அசாதாரண மதிப்பு" என்று ஆடிட்டர் சிவப்பில் சுழித்துவிட்டார். அதை அடித்துப் பூஜ்ஜியமாக்க நாலு படிவம் நிரப்பினேன், நாலு பேரிடம் கையெழுத்துக்கு அலைந்தேன். அதற்கப்புறம் விடுமுறை முடிந்து வந்த காலைகளில் நான் செய்த முதல் காரியம், தேங்கியிருந்த தண்ணீரைக் குரோட்டன்ஸ் தொட்டியில் ஊற்றிவிட்டு, மானியைத் துடைத்துப் புதிதாக ஆரம்பிப்பது. சுத்தமான ஆரம்பம் என்று அதற்கு மனதுக்குள் பெயர் வேறு வைத்திருந்தேன்.

எங்கள் பக்கம் ஐப்பசியும் கார்த்திகையும்தான் மழை. எங்கள் விடுமுறைகளில் பாதியும் அந்த மாதங்களில்தான். மழை பலமாகப் பெய்தால் அதற்கென்றே ஒரு விடுமுறை. சாதாரணத் தூறலை எல்லாம் ஒரு புள்ளி விடாமல் எழுதிவிட்டு, ஊரை முக்குகிற மழையை மட்டும் ஒன்றுவிடாமல் பூஜ்ஜியமாக்கியிருக்கிறேன். பத்து வருஷம் மாங்கு மாங்கென்று எழுதி, இந்த ஊரில் இல்லாத ஒரு காலநிலையை உண்டாக்கியிருக்கிறேன். இந்த அழகில் ஜூன் மாதச் சொற்பொழிவு ஒரு கேடு. அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல அவமானமாக இருந்தது.

"இந்த ரிஜிஸ்டர் தப்பு," என்றேன்.

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒவ்வொரு பக்கத்துலயும் உங்க கையெழுத்து இருக்கு மேடம். ஒவ்வொரு வருஷமும் ஆடிட்டர் பாத்திருக்கார். இப்ப குழாய் முடிவாகுற நேரத்துல தப்புன்னு சொல்றீங்க." அதோடு விடாமல், "உங்க வீடு அந்தத் தெருவுலதான இருக்கு?" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீடு அங்கே இருப்பதால்தானே ஐயா எனக்குத் தெரிகிறது, உங்கள் வீடு மேடான இடத்தில் நாலாவது மாடியில் இருந்தால் என்ன தெரியும் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஆலோசகர்தான் நடுவில் புகுந்து, குரல் உயர்த்தாமல், மேலாளர் கேட்டதைவிடக் கஷ்டமான ஒன்றைக் கேட்டார். "சரி மேடம். அந்த மூணு நாள்ல எவ்ளோ பெஞ்சுது?"

குரோட்டன்ஸ் தொட்டியில் ஊற்றியதை யாரிடம் போய்க் கேட்பது? ஆலோசகர் ஒரு வாரம் டைம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். கிண்டல் செய்வார் என்று எதிர்பார்த்தேன், செய்தார். "ஊருக்கெல்லாம் க்ளாஸ் எடுக்கிற, உன் நோட்டே டுபாக்கூரு." பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, "எந்தெந்த நாளுன்னு தெர்னுமா? எங்கிட்ட கீது," என்றார்.

அவர் சுங்குவார்சத்திரத்திலிருந்து ஷிஃப்ட் ஆட்களை ஏற்றி வருகிற ஒப்பந்த பஸ் ஓட்டுகிறார். டிரிப் போகாவிட்டால் ஏன் போகவில்லை என்று டிரைவர் தன் கைப்பட எழுதி வைக்க வேண்டும் என்பது ஒப்பந்தக்காரர் சட்டம். பரணிலிருந்து பத்து டைரிகளை இறக்கினார். எலி ஓரமெல்லாம் கடித்திருந்தது. 'மழை, வண்டி எடுக்கல.' 'ரோட்டுல தண்ணி, பாதில திரும்பிட்டேன்.' 'லீவு, தெருவுல படகு வுட்டாங்க.' அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் தேதியைப் படிக்க, நான் பதிவேட்டின் நகலில் தேடினேன். அவர் மழை என்று படித்த நாளிலெல்லாம் என் கட்டத்தில் பூஜ்ஜியம். முப்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன். "நீ முட்ட போட்ட நாளெல்லாம் நான் வண்டியே எடுக்கல பாரு," என்றார். இந்த முறை கிண்டல் இல்லை. காலநிலையை ஒரு நாளும் நம்பாத மனிதர் அதை எழுதி வைத்திருந்தார். நம்பியவள் கீழே ஊற்றியிருந்தேன். அழுகை வந்தது. அவர் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

டைரியில் நாள் இருந்தது, அளவு இல்லை. டைரிகளைப் பார்த்த ஆலோசகர், வீட்டைப் பார்க்கலாமா என்று கேட்டு வந்தார். தண்ணீர் நின்ற கறை சுவரில் இருந்தால் உயரத்தை வைத்துக் கணக்குப் போடலாமாம். சுவரில் எங்கே கறை? போன பொங்கலுக்குத்தான் என் கணவர் இரண்டு கோட்டு பெயின்ட் அடித்துப் பளபளவென்று ஆக்கியிருந்தார். அவரைப் பார்த்து முறைக்கலாம் என்று திரும்பினால், ஆலோசகர் தரையில் மண்டியிட்டு எங்கள் இரும்பு பீரோவின் பக்கவாட்டைத் தடவிக்கொண்டிருந்தார். துருப்பிடித்த பகுதியும் துருப்பிடிக்காத பகுதியும் ஒரு நேர்கோட்டில் பிரிந்திருந்தன. டேப்பை வைத்து அளந்தார். தெருவின் சரிவையும் சுவர் ஓட்டைகளையும் அளந்தார். "அந்த மழை எவ்ளோன்னு இத வச்சு சொல்ல முடியாது. ஆனா ஒரு குழாய் பத்தாதுன்னு சொல்லலாம்," என்றார்.

அப்புறம் படிவங்கள். பொய்யான ஒவ்வொரு பூஜ்ஜியத்துக்கும் ஒரு படிவம் என்றார் மேலாளர். மூல காரணம் என்ற இடத்தில் கனமழை என்று எழுதினேன். திருப்பி அனுப்பினார். மழை மூல காரணமாகாதாம்; நம் கட்டுப்பாட்டில் இருப்பதைத்தான் எழுத வேண்டுமாம். சரி என்று, எல்லாப் படிவங்களிலும் ஒரே வாக்கியத்தை எழுதினேன்: அளக்க வேண்டியவர் அளக்கவில்லை, தேங்கிய நீரைக் கொட்டிவிட்டார், அவர் நான்தான். விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது, எச்சரிக்கை என்று இன்னொன்று வந்தது. இரண்டையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அந்தச் சொற்பொழிவை இனிமேல் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். வரைபடத்தில் குழாயை அடித்துவிட்டுப் பெட்டி மதகு போட்டார்கள். தலைமை அலுவலகம் அதற்கு ஒப்புதல் தருவதற்குள் புரட்டாசி பாதி போய்விட்டது. பள்ளம் தோண்டி, கம்பி கட்டி, தீபாவளி லீவுக்கு ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். தோண்டிய மண்ணை எங்கள் சுவரோரம் குவித்து வைத்திருந்தார்கள். நாலு ஓட்டைகளில் இரண்டை அது அடைத்துக்கொண்டிருந்தது.

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் பிடித்த மழை விடவில்லை. காலை எட்டு மணிக்கு, தலையில் வைத்த எண்ணெயோடு, கணவர் ஓட்டிய பைக்கின் பின்னால் பிளாஸ்டிக் கவரைப் போர்த்திக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். விடுமுறை நாளில் மானியைப் பார்க்க வந்த என்னைக் காவலாளி அண்ணன் குடை பிடித்துக் கூட்டிப்போனார். குடுவை ஒரு தடவையில் கொள்ளவில்லை. ஊற்றி ஊற்றி அளந்து, ஒரு துளி சிந்தாமல் கூட்டி எழுதினேன்.

திரும்பி வந்தபோது தெருவில் கணுக்காலுக்குத் தண்ணீர். வாசற்படியில் நின்று கணவர் கேட்டார். "எவ்ளோமே?"

சொன்னேன்.

தெருவைப் பார்த்தார், மண்மேட்டைப் பார்த்தார். "அப்போ வூட்டுக்குள்ள வருமா?"

அதைச் சொல்ல, முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் வந்த அன்றைக்கு எவ்வளவு பெய்தது என்று தெரிய வேண்டும். இன்றைய எண்ணை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். என்னிடம் இன்றைய எண் மட்டும் இருந்தது.

"தெரியலங்க," என்றேன்.

பீரோவின் ஒரு பக்கத்தை அவர் பிடித்தார், மறுபக்கத்தை நான் பிடித்தேன்.